மானூர் சபை முதல் வாட்ஸ்அப் குரூப் வரை: யார் பேசலாம், யாரை யார் நீக்கலாம்?



சென்ற செயற்குழுவில் ஒரு தீர்மானம் வந்து, முடிவாகாமல் பொதுக்குழுவுக்குத் தள்ளி வைக்கப்பட்டது உங்களுக்குத் தெரியும். நம் சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் இனி அட்மின்கள் மட்டும்தான் செய்தி போடலாம் என்பது தீர்மானம். குடிதண்ணீர் திறக்கும் நேரம், தொட்டி கழுவும் நாள் போன்ற அறிவிப்புகள் காலை வணக்கப் பூக்களுக்கும் மருத்துவக் குறிப்புகளுக்கும் அடியில் புதைந்து போகின்றன என்பது ஒரு தரப்பு. அட்மின் மட்டும் பேசினால் தெருவிளக்கு எரியவில்லை என்று நான் எங்கே போய்ச் சொல்வது என்பது மறு தரப்பு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

இந்தச் சண்டை செல்போன் வந்த பிறகு பிறந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஒரு கூட்டத்தில் யாருக்கு எந்த உரிமை, அதை யார் கொடுப்பது, எப்போது பறிப்பது என்ற கேள்விக்கு நம் பக்கத்திலேயே ஆயிரத்து இருநூறு வருடத்துப் பதில் ஒன்று கல்லில் இருக்கிறது. பொதுக்குழுவுக்கு முன்னால் அந்த வரலாற்றைக் கொஞ்சம் சொல்லி வைக்கலாம் என்று தோன்றியது.

சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் மானூரைக் கடந்துதான் போகிறோம். அங்குள்ள அம்பலவாணசுவாமி கோயிலில் பாண்டிய மன்னன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. சுமார் கி.பி. 800-ஐச் சேர்ந்தது. அப்போது அந்த ஊர் மானநிலைநல்லூர் என்ற பிரமதேயம். ஊர் மகாசபை பறையறைந்து கூடி, சபையில் யார் உட்காரலாம், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விதி எழுதியது. அரசன் அனுப்பிய உத்தரவு அல்ல; சபையே தனக்குப் போட்டுக்கொண்ட விதி. இன்றைய பேச்சில் சொன்னால், பைலா.

அதில் என்ன இருக்கிறது? ஊரில் பங்கு உள்ளவர்களின் மக்களில், நல்லொழுக்கமும் குறிப்பிட்ட கல்வியும் உடைய ஒருவர் மட்டுமே அந்தப் பங்கின் சார்பில் சபையில் இருக்கலாம். ஒரு வீட்டுக்கு ஓர் ஆள் என்று நம் சங்கத்தில் சந்தா ரசீது போடுகிறோமே, அதே கணக்கு. பங்கை விலைக்கு வாங்கியவர், தானமாகப் பெற்றவர், சீதனமாகப் பெற்றவர் ஆகியோருக்கும் தனித்தனியாக விதி உண்டு. சொத்து கைக்கு வந்ததாலேயே சபையில் இடம் வந்துவிடாது, படிப்பும் வேண்டும். கால், அரை, முக்கால் என்று உறுப்பினர் உரிமையைப் பிய்த்துக் கொடுக்கும் வழக்கம் இருந்திருக்கிறது போலும். இனி அப்படிக் கிடையாது, முழு உரிமை அல்லது ஒன்றுமில்லை என்கிறது கல்வெட்டு. முழு உரிமை இல்லாதவர் எந்த வாரியத்திலும் பணி செய்ய முடியாது. வாரியம் என்றால் இன்றைய உபகுழு.

கடைசி விதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. எந்தத் தீர்மானம் வந்தாலும் இல்லை, இல்லை என்று மறுத்துக்கொண்டே இருப்பவருக்கு ஒவ்வொரு விஷயத்துக்கும் ஐந்து காசு தண்டம். அவருக்கு மட்டும் அல்ல, அவரை ஆதரித்து நின்றவர்களுக்கும் தண்டம். தண்டம் கட்டிய பிறகும் அதே விதிக்குக் கட்டுப்பட்டே நடக்க வேண்டும். நம் குரூப்பில் எதற்கும் எதிர்ப்புப் போடுகிறவரையும், அதற்குக் கட்டைவிரல் படம் போடுகிறவரையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள், சிரிப்பு வரும்.

சிரித்துவிட்டு விட்டுவிடவும் முடியாது. ஒரு முறை மறுத்தவருக்குத் தண்டம் இல்லை, எல்லாவற்றையும் மறுப்பவருக்குத்தான். ஆனால் ஒருவர் மறுப்பது நியாயமான மறுப்பா, வெறும் முட்டுக்கட்டையா என்று யார் தீர்மானிப்பது? சபையின் பெரும்பான்மைதான். பெரும்பான்மை தவறாகப் போகும்போது, இல்லை என்று சொல்ல ஓர் ஆள் இருந்தாக வேண்டுமே. மானூர் விதியில் அதற்கு வழி தெரியவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது நிலப்பங்கு உள்ள பிராமணர்களின் சபை. வயலில் உழுதவருக்கும், பறையறைந்தவருக்கும், பெண்களுக்கும் அந்தச் சபையில் குரல் இல்லை. பறையறைந்தவர் கூட்டத்தைக் கூட்டலாம், கூட்டத்தில் பேச முடியாது. பழமையைப் புகழும்போது இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிடுகிறோம்.

மானூருக்கு நூறு வருடம் கழித்து, செங்கல்பட்டுப் பக்கம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இரண்டு கல்வெட்டுகள் வெட்டப்பட்டன. குடவோலை முறை என்று பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. கால் வேலிக்குக் குறையாத, வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குக் கீழ். பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் சொன்னார்கள். அந்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். மடக்கிய கைக்குள் வேறு ஓலை இருந்துவிடலாம் அல்லவா? வாங்கியவர் உரக்கப் படிக்க வேண்டும், பிறகு அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் படிக்க வேண்டும்.

பள்ளிப் பாடத்தில் குடமும் ஓலையும்தான் நினைவில் நிற்கும். வணிகவியல் படித்து வங்கியில் எழுத்தராக ஆயுளைக் கழித்த எனக்கு வேறு விதிகள் கண்ணில் படுகின்றன. ஒன்று, பதவிக் காலம் 360 நாள். அது முடிந்ததும் தானாக இறங்கிவிட வேண்டும். இரண்டு, கடந்த மூன்று வருடத்தில் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்துக்குள் போகக் கூடாது. மூன்று, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் தகுதி இழப்பார். அவர் மட்டும் அல்ல. அவருடைய சிற்றன்னை மக்கள், மாமன் மக்கள், மைத்துனன், மாமனார், மருமகன் என்று உறவுக்காரர்களின் நீண்ட பட்டியலே தகுதி இழக்கும். தான் ஓய்ந்து மைத்துனனை நிறுத்தும் தந்திரம் பத்தாம் நூற்றாண்டிலேயே தெரிந்த தந்திரம் என்று இதிலிருந்து தெரிகிறது. நான்கு, குற்றம் கண்டால் பதவிக்காலம் முடியும் வரை காத்திருக்க வேண்டாம், உடனே இறக்கலாம்.

சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பொன் வாரியம் என்று வேலை பிரிக்கப்பட்டிருந்ததையும் கவனியுங்கள். ஏரியைப் பார்க்கிறவர் பொன்னை உரைத்துப் பார்ப்பதில்லை. உரிமை ஆளுக்கு அல்ல, வேலைக்கு என்ற எண்ணம் இதில் இருக்கிறது.

இதே எண்ணம் வங்கியில் சாவி வடிவில் இருந்தது. பாதுகாப்பு அறைக்கு இரண்டு சாவி. ஒன்று கேஷியரிடம், மற்றது அதிகாரியிடம். இருவரும் வந்தால்தான் கதவு திறக்கும். வவுச்சரை எழுதுகிறவர் ஒருவர், பாஸ் செய்கிறவர் வேறொருவர். எவ்வளவு நேர்மையான மனிதராக இருந்தாலும் தானே எழுதித் தானே பாஸ் செய்ய முடியாது. இது அவர் மீதுள்ள சந்தேகம் இல்லை; நாளைக்கு ஏதாவது குறைந்தால் அவரைக் காப்பாற்றுவதும் இதுதான். மாற்றல் வந்தால் சாவி ஒப்படைப்புப் பதிவேட்டில் கொடுத்தவரும் வாங்கியவரும் தேதி, நேரம் போட்டுக் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திட்ட நிமிஷத்தோடு பழையவருக்கு அந்தக் கதவில் வேலை இல்லை. முப்பது வருடம் அதே அறையில் இருந்தவராக இருந்தாலும் சரி.

ரங்கராஜன் கமிட்டி 1984-ல் அறிக்கை கொடுத்த பிறகு வங்கிகளில் மெல்ல மெல்ல இயந்திரங்கள் நுழைந்தன. பெரிய லெட்ஜர்கள் போய், அவரவருக்கு ஒரு அடையாள எண்ணும் பாஸ்வேர்டும் வந்தன. சாவியை இரவல் கொடுக்காதவர்கள் பாஸ்வேர்டைத் தாராளமாக இரவல் கொடுத்தார்கள். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரும்புச் சாவி கையில் கனத்தது. எட்டு எழுத்து கனக்கவில்லை.

கம்ப்யூட்டரில் ஆளுக்கு ஆள் பாஸ்வேர்டு என்ற வழக்கத்தின் பிறப்பிடங்களில் முக்கியமானது அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1961-ல் பேராசிரியர் கோர்பட்டோவின் குழு ஒரே இயந்திரத்தைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்து காட்டியது. 1966-ல் அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. அன்றைய அறிவிப்பு என்று எல்லோருக்கும் காட்டப்படும் கோப்பும், பாஸ்வேர்டுகள் இருந்த கோப்பும் ஒரு மென்பொருள் குளறுபடியால் இடம் மாறிவிட்டன. உள்ளே நுழைந்த ஒவ்வொருவர் முன்னாலும் எல்லோருடைய பாஸ்வேர்டுகளும் வந்து நின்றன.

அதன் பிறகு 1970-களில் பெல் ஆய்வகத்தின் யூனிக்ஸ் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழு, மற்றவர் என்று மூன்று வகை மனிதர்களை வைத்து, அவர்கள் படிக்கலாமா, எழுதலாமா, இயக்கலாமா என்று மூன்று கேள்விகளை வைத்தது. இன்று நம் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் அந்த மூன்றும் மூன்றும் உறங்குகின்றன. 1992-ல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தைச் சேர்ந்த ஃபெரையோலோ, கூன் ஆகிய இருவர், உரிமையை ஆளின் பெயரில் எழுதாதீர்கள், பொறுப்பின் பெயரில் எழுதுங்கள், ஆளைப் பொறுப்பில் உட்கார வையுங்கள் என்று முறைப்படி எழுதினார்கள். ஆள் மாறினால் நாற்காலியிலிருந்து எழுப்பினால் போதும், உரிமைகளை ஒவ்வொன்றாகத் தேடித் தேடிப் பறிக்க வேண்டியதில்லை. படித்தபோது, இது நம் சாவிப் பதிவேடுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

இனி அரட்டைக்கு வருவோம். 1988 ஆகஸ்டில் பின்லாந்து நாட்டின் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்கரினென் என்ற இளைஞர் ஐ.ஆர்.சி. என்ற இணைய அரட்டை முறையை எழுதினார். இன்றைய குரூப்புகளுக்கெல்லாம் பாட்டனார் அதுதான். அதில் அரட்டை நடக்கும் இடத்துக்குச் சேனல் என்று பெயர். பெயருக்கு முன்னால் ஹேஷ் குறி போடுவார்கள். இல்லாத ஒரு சேனலுக்குள் முதலில் நுழைகிறவர் யாரோ அவர்தான் ஆபரேட்டர். அவர் பெயருக்கு முன்னால் அட் குறி தோன்றும். அவர் மற்றவரை வெளியே தள்ளலாம், திரும்ப வராமல் தடை போடலாம், இன்னொருவரையும் ஆபரேட்டர் ஆக்கலாம். சேனலைக் கட்டுப்பாட்டு நிலையில் வைத்தால் ஆபரேட்டரும், அவர் குரல் கொடுத்தவர்களும் மட்டுமே பேச முடியும். குரல் என்பது அங்கே ஓர் உரிமையின் பெயர். 1993 மே மாதம் இந்த விதிகள் ஆவணமாக வெளிவந்தபோதே இவையெல்லாம் அதில் இருந்தன. ஆகவே நாம் இப்போது விவாதிக்கும் அட்மின் மட்டும் பேசலாம் என்ற ஏற்பாட்டுக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகிறது.

ஐ.ஆர்.சி.யில் ஒரு பலவீனம் இருந்தது. சேனல் எந்த ஒரு கம்ப்யூட்டரிலும் குடியிருக்கவில்லை. பல ஊர்களில் உள்ள சர்வர்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். நடுவில் இணைப்பு அறுந்தால் சேனல் இரண்டாகப் பிளந்துவிடும். விஷமம் செய்ய நினைப்பவர், பிளந்த துண்டில் ஆளில்லாத பக்கமாகப் பார்த்து அதே பெயரில் நுழைவார். அங்கே அவர்தான் முதல் ஆள், ஆகவே ஆபரேட்டர். இணைப்பு மீண்டதும் அந்தப் பதவியோடு பெரிய கூட்டத்துக்குள் வந்துவிடுவார். வந்ததும் உண்மையான ஆபரேட்டர்களை இறக்கிவிட்டுச் சேனலைக் கைப்பற்றுவார். எத்தனையோ சேனல்கள் இப்படிப் பறிபோயின. முதலில் வந்தவரே தலைவர் என்ற விதி இருக்கும் வரை இதற்கு மருந்து இல்லை. 1990-களின் நடுவில் டால்நெட் போன்ற வலையமைப்புகள் சேனலைப் பதிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தன. இந்தச் சேனல் இவருடையது, இவர்கள் இன்னின்ன பொறுப்பில் உள்ளவர்கள் என்று ஒரு பதிவேடு. எல்லோரும் வெளியே போய்ச் சேனல் காலியானாலும் பதிவேடு நிற்கும். பதிவில்லாத சங்கத்துக்கும் பதிவுபெற்ற சங்கத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுவே.

2013-ல் அறிமுகமாகி 2014-ல் பொதுமக்களுக்கு வந்த ஸ்லாக், ஐ.ஆர்.சி.யின் சேனலையும் ஹேஷ் குறியையும் அப்படியே எடுத்துக்கொண்டு அலுவலகங்களுக்குள் கொண்டுபோனது. அங்கே உரிமையாளர், அட்மின், உறுப்பினர், விருந்தினர் என்று படிகள் உண்டு. விருந்தினருக்கு அவரை அழைத்த சேனல் மட்டுமே தெரியும், அடுத்த அறை தெரியாது. நம் தென்காசி மாவட்டத்து மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோ நிறுவனத்தின் கிளிக் என்ற செயலியும் இதே வகை. அதே நிறுவனம் 2021 ஜனவரியில் வெளியிட்ட அரட்டை செயலியை நம் பிள்ளைகள் சிலர் போனில் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் நமக்குத் தெரிந்த உலகம் வாட்ஸ்அப்தான். அதில் குரூப் வசதி 2011 பிப்ரவரியில் வந்தது. ஆள் எண்ணிக்கை ஐம்பது, நூறு என்று ஏறி 2016-ல் 256 ஆகி, 2022-ல் 512 ஆகி, அதே வருடம் 1024-ஐத் தொட்டது. பத்துப் பேர் உட்காரும் திண்ணையை ஆயிரம் பேர் கூடும் மைதானமாக ஆக்கிவிட்டார்கள். திண்ணைக்கு விதி வேண்டியதில்லை. மைதானத்துக்கு வேண்டும்.

அந்த விதிகள் வந்த காலத்தைப் பார்த்தால் மனது கனக்கும். 2018-ல் பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் வந்திருக்கிறார்கள் என்ற பொய்ச் செய்தி குரூப் குரூப்பாகப் பரவியது. அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த இடத்தில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த அறுபத்தைந்து வயது மூதாட்டி ஒருவரை ஊரார் அடித்தே கொன்றார்கள். ஜூலை 1-ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர் அதே வகை வதந்தியால் கொல்லப்பட்டார்கள். அந்த நாட்களில்தான், ஜூன் மாதக் கடைசியில், அட்மின் மட்டும் பேசலாம் என்ற வசதியை வாட்ஸ்அப் கொடுத்தது. ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்று கட்டுப்பாடு வந்தது. என்னை யார் குரூப்பில் சேர்க்கலாம் என்று நாமே தீர்மானிக்கும் உரிமை 2019 ஏப்ரலில்தான் வந்தது. அதாவது, குரூப் பிறந்து எட்டு வருடம் வரை, யார் வேண்டுமானாலும் நம்மை இழுத்து உள்ளே போடலாம். வேண்டாம் என்றால் எல்லோரும் பார்க்க வெளியேற வேண்டும். உறுப்பினர் போட்ட செய்தியை அட்மின் எல்லோருக்கும் சேர்த்து அழிக்கும் அதிகாரம் 2022-ல் வந்தது.

அதிகாரம் வந்தால் பொறுப்பும் வருமா? உறுப்பினர் ஒருவர் போட்ட தவறான செய்திக்கு அட்மின் சிறைக்குப் போவாரா? நம் செயற்குழுவில் இரண்டு பேர் அட்மின் பொறுப்பை ஏற்கத் தயங்குவதற்கு இந்தப் பயமே காரணம் என்பதால் இதை விவரமாகச் சொல்கிறேன்.

2016 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு ஓர் அவதூறு வழக்கு வந்தது. டெலிகிராம், கூகுள் குரூப் ஆகியவற்றில் மற்றவர்கள் எழுதியதற்கு அட்மின் பொறுப்பா என்பது கேள்வி. பத்திரிகையில் வந்த அவதூறுக்குக் காகிதம் தயாரித்தவரைப் பிடிப்பது போன்றது இது என்ற கருத்தில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2021 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு முன் வந்த வழக்கில், குரூப்பில் ஒரு பெண் உறுப்பினரை இழிவாகப் பேசியவரை அட்மின் நீக்கவில்லை, மன்னிப்புக் கேட்கச் சொல்லவும் இல்லை என்பது புகார். அட்மினுக்கு உள்ள அதிகாரம் ஆளைச் சேர்ப்பதும் நீக்குவதும்தான், செய்தி வெளிவருமுன் அதைத் தணிக்கை செய்ய அவரால் முடியாது என்று கூறி, பொது நோக்கம் இருந்ததாகக் காட்டாத நிலையில் வழக்கை ரத்து செய்தது. 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றமும், மற்றவர் செய்த குற்றத்தை அட்மின் தலையில் ஏற்ற முடியாது என்ற முடிவுக்கே வந்தது.

நம் மதுரை அமர்வுக்கு இது கரூர் வழக்கறிஞர்களின் குரூப் ஒன்றின் வழியாக வந்தது. உறுப்பினர் ஒருவர் இரு சமூகங்களுக்கு இடையே பகையை உண்டாக்கும்படியான செய்தியைப் போட்டார் என்று புகார். அட்மினான வழக்கறிஞர் பெயரும் முதல் தகவல் அறிக்கையில் சேர்ந்துவிட்டது. 2021 டிசம்பரில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் நாக்பூர் தீர்ப்பைச் சுட்டிக்காட்டி, மனுதாரர் அட்மினாக மட்டுமே இருந்தார், வேறொன்றும் செய்யவில்லை என்றால் இறுதி அறிக்கையில் அவர் பெயரை நீக்க வேண்டும், வேறு ஆதாரம் கிடைத்தால் அவர் வழக்கைச் சந்திக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். அட்மினும் சேர்ந்து தூண்டினால், அல்லது அவரே அந்தச் செய்தியைப் பரப்பினால், அந்தப் பாதுகாப்பு கிடையாது.

இதில் நாக்பூர், மதுரை இரண்டு தீர்ப்புகளும் அட்மின் செய்தியை அழிக்கும் வசதி வருவதற்கு முன் வந்தவை என்பதை நான் கவனித்தேன். எல்லாச் செய்தியும் அட்மின் வழியாகவே வரும் என்று ஆக்கிவிட்டால், போடுகிற ஒவ்வொன்றும் அட்மின் தானே போட்டதாகிவிடும். காகிதம் தயாரிப்பவராக இருந்தவர் பத்திரிகை ஆசிரியராகிவிடுகிறார். பயப்படுகிறவர்கள் குரூப்பை மூடச் சொல்கிறார்கள். மூடினால்தான் பொறுப்பு அதிகம் என்பது என் வாசிப்பு. நான் வக்கீல் இல்லை. நம் சங்கத்தில் வக்கீல்கள் இருக்கிறார்கள், பொதுக்குழுவில் அவர்கள் சொல்லட்டும்.

நம் குரூப்புக்கு என் கருத்து இதுதான். அறிவிப்புக்கு ஒரு குரூப், அதில் அட்மின்கள் மட்டும். பேச்சுக்கு இன்னொரு குரூப், அதில் எல்லோரும். 2022 நவம்பர் முதல் வாட்ஸ்அப்பில் கம்யூனிட்டி என்ற வசதி வந்துவிட்டதால் இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைக்கலாம், செலவில்லை. தொட்டி கழுவும் நாள் தெரியாமல் சோப்புப் போட்டுக்கொண்டு நிற்கும் நிலை வராது. விளக்கு எரியாததைச் சொல்ல இடமும் இருக்கும். ஒருவரை நீக்கினால் காரணத்தோடு மினிட்ஸ் புத்தகத்தில் எழுத வேண்டும். நீக்கியவர் ஒருவர், ஒப்புதல் கொடுத்தவர் வேறொருவர். வரவு செலவு பற்றிக் கேள்வி கேட்டவரை அன்று இரவே குரூப்பிலிருந்து நீக்கிய ஒரு சங்கத்தை நான் அறிவேன். ஊர் பெயர் வேண்டாம். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இருந்திருக்கலாம். நீக்கிய பிறகு யாரும் அதை நம்பத் தயாராக இல்லை, அடுத்த வருடச் சந்தா பாதிகூட வசூலாகவில்லை.

கடைசியாக, பதவிக் காலம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி நிர்வாகக் குழு உறுப்பினரின் காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது. ஆகவே தலைவர், செயலாளர், பொருளாளர் மாறுகிறார்கள். வங்கிக் கணக்கில் கையெழுத்தும் மாறுகிறது. அட்மின் மட்டும் மாறுவதில்லை. நம் பைலாவில் அட்மின் என்ற சொல்லே இல்லை. வாட்ஸ்அப் விதிப்படி குரூப்பைத் தொடங்கியவரை மற்ற அட்மின்கள் நீக்கவும் முடியாது, அவர் தாமாக வெளியேறினால்தான் உண்டு. ஒரே ஒரு அட்மின் இருந்து அவரும் வெளியேறினால், உறுப்பினரில் யாரோ ஒருவரை வாட்ஸ்அப்பே பொறுக்கி அட்மின் ஆக்கிவிடும். குடவோலைதான், ஆனால் குடத்தை யாரும் பார்க்கவில்லை, ஓலையை யாரும் உரக்கப் படிக்கவில்லை.

இதை எழுதும்போது நம் குரூப்பின் விவரப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அட்மின்கள் ஐந்து பேர். அதில் இருவர் வீட்டை விற்றுவிட்டு வெளியூர் போய் மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒருவர் நம் மறைந்த பொருளாளர். அந்த எண்ணை அவர் வீட்டார் இன்னும் வைத்திருக்கிறார்கள், கூப்பிட்டால் பேத்தி எடுக்கிறாள். அந்த எண்ணை அட்மின் பொறுப்பிலிருந்து எப்போது, எப்படி இறக்குவது என்பதையும், அவர் வீட்டாரிடம் முதலில் யார் பேசுவது என்பதையும் பொதுக்குழுவின் பொருள் நிரலில் சேர்க்கும்படி செயலாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.